காட்டின் முதலும் வட்டியும்



நம் வீட்டுக் கதவையும், வகுப்பறையின் மேசையையும், கூரையைத் தாங்கும் உத்திரத்தையும் நாள்தோறும் பார்க்கிறோம். வாங்கும்போது விலையைக் கேட்கிறோம். தச்சரின் கூலியைக் கேட்கிறோம். ஆனால், இந்த மரம் எந்தக் காட்டில் நின்றது, எத்தனை ஆண்டு வளர்ந்தது, வெட்டப்பட்ட இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. மன்னர்களின் படையெடுப்புகளை ஆண்டு வரிசையில் மனப்பாடம் செய்யும் நாம், வணிகக் குடும்பங்களின் வரலாற்றைப் பெரும்பாலும் படிப்பதில்லை. நாடுகளின் முகத்தை மாற்றியவர்களுள் வணிகர்களும் உண்டு. அத்தகைய குடும்பங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்க நாட்டில் மரவாணிபம் செய்து பெரும்பொருள் ஈட்டிய வேயர்ஹவுசர் குடும்பம். அதன் வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் கணக்கு வகுப்பிலிருந்து ஒரு சிறு செய்தி. ஒருவனிடம் நூறு ரூபாய் முதல் இருக்கிறது. அது ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வட்டி தருகிறது. வட்டியை மட்டும் செலவழித்தால் முதல் என்றும் குறையாது. முதலிலேயே கைவைத்தால் சில ஆண்டுகள் செழிப்பாக வாழலாம். பிறகு கை வெறுமையாகும். காடும் அத்தகையதே. நிற்கும் மரங்கள் முதல். அவை ஆண்டுதோறும் அடையும் வளர்ச்சி வட்டி. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இனி வரும் வரலாற்றைக் கேளுங்கள்.

பிரெடரிக் வேயர்ஹவுசர் 1834-ஆம் ஆண்டு ஜெர்மனியில், மைன்ஸ் நகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். சிறிதளவு நிலமும் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் உடைய உழவர் குடும்பம் அது. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தை இறந்தார். பள்ளிப் படிப்பு நின்றது. நிலத்தில் உழைக்க நேர்ந்தது. 1852-ஆம் ஆண்டு குடும்பத்தார் கடல் கடந்து அமெரிக்கா சென்றனர். பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மதுவடிப்பாலையில் அவர் ஈராண்டு வேலை செய்தார். மதுவடிப்பவர்கள் தாமே மதுவுக்கு அடிமையாவதைக் கண்டு அத்தொழிலை விட்டதாகப் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

1856-ஆம் ஆண்டு அவர் மேற்கே சென்று, மிசிசிப்பி ஆற்றங்கரையில் இலினாய் மாநிலத்திலுள்ள ராக் ஐலண்டு என்னும் ஊரை அடைந்தார். அங்கே மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் இரவு நேரத்தில் கொதிகலனுக்குத் தீ மூட்டும் வேலை கிடைத்தது. பிறகு பலகைகளை எண்ணிக் கணக்கெழுதும் வேலைக்கும், விற்பனை வேலைக்கும் உயர்ந்தார். மணி பார்த்து வேலையை நிறுத்தும் வழக்கம் அவருக்கு இல்லை. எடுத்த வேலை முடிந்த பின்பே வீடு திரும்புவார்.

1857-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரும் பணநெருக்கடி ஏற்பட்டது. வங்கிகள் முறிந்தன, வாங்குவோர் கையில் காசு இல்லை. வேயர்ஹவுசர் வேலைபார்த்த ஆலையும் நொடித்தது. அவரோ அருகிலுள்ள உழவர்களுக்குப் பலகைகளைக் கொடுத்து, பணத்துக்கு மாற்றாகப் பன்றியும், முட்டையும், மாடும், குதிரையும் பெற்றுக்கொண்டார். அவற்றை ஆற்றில் தெப்பம் ஓட்டிவரும் மரக்காரர்களிடம் கொடுத்து மரக்கட்டைகளை வாங்கினார். நம் முன்னோர் நெல்லைக் கொடுத்து உப்பை வாங்கிய பண்டமாற்று முறைதான் அது. காசு முடங்கிய காலத்திலும் சரக்கு அவர் கையில் முடங்கவில்லை. 1860-ஆம் ஆண்டு, தாம் கூலிக்கு உழைத்த அதே ஆலையைத் தம் சகலையாகிய டென்க்மன் என்பவருடன் சேர்ந்து விலைக்கு வாங்கினார். டென்க்மன் எந்திரங்கள் அறிந்தவர், ஆலையைக் கவனித்தார். வேயர்ஹவுசர் காடுகளுக்குச் சென்று கட்டைகள் வாங்கும் பொறுப்பை ஏற்றார். குடும்பச் செல்வத்தின் வித்து இவ்வாறு ஊன்றப்பட்டது.

இக்குடும்பம் வளர்ந்த காலத்தின் இயல்பையும் அறிய வேண்டும். இலினாய், அயோவா முதலிய மாநிலங்களில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை புல்வெளி, மரம் அரிது. ஆங்குக் குடியேறிய இலட்சக்கணக்கான உழவர்களுக்கு வீடும், களஞ்சியமும், வேலியும் அமைக்கப் பலகை தேவைப்பட்டது. வடக்கேயோ, விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களில் வெண் பைன் மரக் காடுகள் அடர்ந்திருந்தன. இம்மரம் நெடிது உயர்ந்து நேராக வளரும். வாளுக்கும் உளிக்கும் எளிதில் இணங்கும். நீரில் நன்றாக மிதக்கும். காட்டையும் புல்வெளியையும் இணைக்கும் பாதையாக மிசிசிப்பி ஆறும் அதன் கிளைகளும் விளங்கின.

குளிர்காலத்தில்தான் மரம் வெட்டுவார்கள். பனி உறைந்த பாதையில் நீரை ஊற்றி அதனைக் கண்ணாடிபோல் ஆக்கி, சறுக்கு வண்டிகளில் கட்டைகளை ஏற்றிக் குதிரைகளைக் கொண்டு ஆற்றங்கரைக்கு இழுத்து வருவார்கள். ஒவ்வொரு கட்டையின் முனையிலும் உரிமையாளரின் முத்திரை சுத்தியால் பொறிக்கப்படும். இளவேனிலில் பனி உருகி ஆறு பெருகியதும் கட்டைகளை நீரில் உருட்டிவிடுவார்கள். ஆணி அடித்த காலணி அணிந்த ஆட்கள், உருளும் கட்டைகளின்மேல் நின்றவாறே நீண்ட கோல்களால் அவற்றைச் செலுத்துவார்கள். கட்டைகள் சிக்கி மலைபோல் குவிவதும் உண்டு. அந்தச் சிக்கலை அவிழ்க்கையில் நசுங்கியும் நீரில் மூழ்கியும் உயிர் துறந்தோர் பலர். அவர்களுடைய பெயர்கள் வரலாற்று நூல்களில் இல்லை. நாம் பேசும் செல்வத்தில் அவர்களுடைய பங்கும் உண்டு என்பதை மறத்தலாகாது.

பலருடைய கட்டைகள் ஒரே ஆற்றில் மிதந்து வந்தால் வழக்குகள் எழாமல் இருக்குமா? சிப்பெவா என்னும் கிளையாற்றில் இத்தகைய பூசல் முற்றியது. ஆற்றின் மேற்பகுதி ஆலைக்காரர்கள் ஒரு கட்சி. கீழே மிசிசிப்பிக் கரையிலிருந்த ஆலைக்காரர்கள் மற்றொரு கட்சி. கீழ்க்கட்சியார் ஒன்றுசேர்ந்து ஒரு நிறுவனம் அமைத்தனர். 1872-ஆம் ஆண்டு வேயர்ஹவுசர் அதன் தலைவரானார். 1880-ஆம் ஆண்டு சிப்பெவாவில் பெருவெள்ளம் வந்தது. மேற்கட்சியாரின் தடுப்புகள் உடைந்து அவர்களுடைய கட்டைகள் யாவும் கீழே அடித்து வரப்பட்டன. பகைவருடைய பொருள் தம் எல்லைக்கு வந்து சேர்ந்த வேளையில் வேயர்ஹவுசர் செய்தது என்ன? “கீழே வந்துவிட்ட உங்கள் கட்டைகளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், மேலே நிற்கும் எங்கள் கட்டைகளை நீங்கள் அறுத்துக்கொள்ளுங்கள்” என்னும் கருத்தில் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார். வழக்கு மன்றம் ஏறியிருக்க வேண்டிய பூசல் கணக்குப் புத்தகத்தில் தீர்ந்தது. மறு ஆண்டே இரு கட்சியாரும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் கண்டனர். எதிரியை வீழ்த்துவதினும் பங்காளியாக்குவதே இலாபம் என்பது அவர் கண்ட வாணிப நெறி. லெயர்டு, நார்ட்டன், மஸ்ஸர் முதலிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அவருடன் கூட்டாக நின்றது இந்நெறியால்தான்.

இது வரை கேட்டால், உழைப்பால் உயர்ந்த உத்தமரின் கதை போலத் தோன்றும். இப்போது காட்டின் கணக்கையும் திறந்து பார்ப்போம்.

அந்த வெண் பைன் காடுகள் ஆளில்லாக் காடுகள் அல்ல. ஓஜிப்வே என்னும் மக்கள் அங்கே வாழ்ந்தனர். சிப்பெவா என்பதும் அம்மக்களைக் குறிக்கும் பெயரே. 1837-ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கையின் மூலம் அமெரிக்க அரசாங்கம் அவர்களிடமிருந்து பெரும் நிலப்பரப்பைப் பெற்றது. மரத்தின்மேல் வைத்த கண்ணே அந்த உடன்படிக்கைக்கு முதற்காரணம். அந்நிலத்தில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் தமக்கு உரிமை உண்டு என்று ஓஜிப்வே மக்கள் அப்போதே எழுதி வாங்கியிருந்தனர். ஆயினும், மாநில அரசுகள் அவ்வுரிமையை மதியாமல் விட்டன. 162 ஆண்டுகளுக்குப் பின், 1999-ஆம் ஆண்டில்தான், அவ்வுரிமை அழியவில்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேயர்ஹவுசர் அந்த உடன்படிக்கையைச் செய்தவர் அல்லர். அது நடந்தபோது அவர் மூன்று வயது நிரம்பாத குழந்தை. ஆனால், அதன் பயனை நுகர்ந்தவர்களுள் அவரும் ஒருவர்.

மரம் வெட்டியோர் நல்ல அடிமரத்தை எடுத்துக்கொண்டு கிளைகளையும் நுனிகளையும் காட்டிலேயே விட்டுச் சென்றனர். அவை உலர்ந்து சருகாகித் தீக்கு இரையாகக் காத்துக் கிடந்தன. 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் விஸ்கான்சினில் பெஷ்டிகோ என்னும் ஊரையும் சுற்றுப்புறத்தையும் காட்டுத்தீ விழுங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில் சிகாகோ நகரம் எரிந்ததால் உலகம் சிகாகோவுக்காக அழுதது, பெஷ்டிகோ மறக்கப்பட்டது. 1894-ஆம் ஆண்டு மின்னசோட்டாவில் ஹிங்க்லி என்னும் ஊர் எரிந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தீக்களுக்குத் தனி ஒரு வணிகரைப் பழிப்பது முறையன்று. தொழில் முழுவதும் பின்பற்றிய பழக்கமே அது. வெட்டு, விட்டு விலகு, அடுத்த காட்டுக்குப் போ என்பதே அக்காலத்து வழக்கம். பெரும்பாலோர் நடவில்லை, முதலைத்தான் செலவழித்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல வெண் பைன் அருகியது. மிசிசிப்பியின் மேற்பகுதியில் கடைசிப் பலகைத் தெப்பம் மிதந்தது 1915-ஆம் ஆண்டில். அதன்பின் அந்த ஆறு மரவாணிபத்தை மறந்தது.

வேயர்ஹவுசர் அந்த முடிவை முன்கூட்டியே கண்டார். 1891-ஆம் ஆண்டு அவர் மின்னசோட்டாவின் தலைநகரான செயின்ட் பாலில் ஒரு வீடு வாங்கிக் குடியேறினார். அவ்வீட்டின் அருகில் வாழ்ந்தவர் ஜேம்ஸ் ஹில் என்னும் இருப்புப்பாதைப் பெருஞ்செல்வர். நார்தர்ன் பசிபிக் என்னும் இருப்புப்பாதை நிறுவனத்தில் ஹில்லுக்குச் செல்வாக்கு இருந்தது. பாதை அமைப்பதற்கு உதவியாக 1864-ஆம் ஆண்டு அமெரிக்கப் பேரவை அந்நிறுவனத்துக்குப் பாதையின் இருமருங்கிலும் சதுரங்கக் கட்டங்களைப் போல ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் வழங்கியிருந்தது. கடனில் இருந்த நிறுவனத்துக்குப் பணம் வேண்டும். வேயர்ஹவுசருக்குக் காடு வேண்டும். அண்டை வீட்டார் இருவரும் பேசி முடித்தனர்.

1900-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அந்த விற்பனை அறிவிக்கப்பட்டது. பசிபிக் கடலோரத்தில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் 9 இலட்சம் ஏக்கர் காடு. ஏக்கர் ஒன்றுக்கு 6 டாலர். பெருக்கிப் பாருங்கள்: 54 இலட்சம் டாலர். முப்பது இலட்சம் உடனே கொடுப்பது, மீதியைத் தவணைகளில் தீர்ப்பது என்று ஏற்பாடு. பொதுமக்களின் நிலமாக இருந்தது இருப்புப்பாதைக்கு இனாமாகச் சென்று, அங்கிருந்து ஒரு வணிகக் கூட்டத்தின் கைக்கு மாறியது. அங்கே டக்ளஸ் பர் என்னும் ஊசியிலை மரங்கள் நின்றன. பல நூறாண்டு வளர்ந்து, இருநூறு அடியையும் கடந்து ஓங்கியவை அவை.

மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. 1907-ஆம் ஆண்டு ஒரு பத்திரிகை, இவர் ராக்பெல்லரினும் பெரிய செல்வர் என்று எழுதியது. அரசாங்கமும் மரவுடைமை யார் யாரிடம் குவிந்திருக்கிறது என்று ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பேச விரும்பாத வேயர்ஹவுசர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் காலமானார்.

தொழிலாளர் நிலையையும் சொல்ல வேண்டும். கடலோரக் காடுகளில் பத்து மணி நேர வேலை. நெருக்கமான கொட்டகைகளில் படுக்கை. போர்வையைத் தொழிலாளியே முதுகில் சுமந்து வர வேண்டும். 1917-ஆம் ஆண்டு வடமேற்கு மாநிலங்களின் மரத்தொழிலாளர் எட்டு மணி நேர வேலைக்கும், தூய படுக்கைக்கும் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். முதல் உலகப்போர் நடந்த காலம் அது. விமானம் கட்ட மரம் தேவை. அரசாங்கம் தலையிட, 1918 மார்ச்சில் எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. முதலாளிகள் தாமாக மனமுவந்து அளித்த சலுகை என்று இதனைக் கூறுதல் இயலாது.

இனி நம் கணக்கிற்குத் திரும்புவோம். குடும்பம் மிசிசிப்பிக் கரையிலிருந்து கடற்கரை வரை வந்துவிட்டது. இதற்கு மேல் மேற்கே போனால் நீர்தான், காடு இல்லை. வெட்டிவிட்டு அடுத்த காட்டுக்குப் போவோம் என்று சொல்ல இனி இயலாது. வெட்டப்பட்ட நிலத்தை என்ன செய்வது என்னும் வினா முதன்முறையாக அவர்கள் எதிரே நின்றது.

விடை ஒரே நாளில் வரவில்லை. முதலாவது தடை தீ. 1902-ஆம் ஆண்டு யாகோல்ட் என்னும் பகுதியில் பரவிய தீ முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்து, இவர்களுடைய காட்டையும் அழித்தது. அதன்பின் மாநிலத்தில் தீக்காவல் சட்டங்கள் வந்தன. 1908-ஆம் ஆண்டு காட்டுடைமையாளர்கள் தீக்காவல் சங்கம் ஒன்றை அமைத்தனர். நிறுவனத்தின் முதல் மேலாளரான ஜார்ஜ் லாங் இப்பணியில் முன்னின்றார். இரண்டாவது தடை வரி. நிற்கும் மரத்துக்கு ஆண்டுதோறும் வரி கட்டவேண்டியிருந்தது. ஒரு மரம் பயன்தர ஐம்பது ஆண்டு ஆகுமென்றால், அத்தனை ஆண்டும் வரி கட்டி அதனை வளர்ப்பவர் யார்? வெட்டி எடுத்துக்கொண்டு வெற்று நிலத்தைக் கைவிடுவதே ஆதாயமாக இருந்தது. 1931-ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. வளரும் காட்டுக்குச் சிறிய வரி, அறுவடையின்போது விளைச்சலுக்கு ஏற்ற வரி என்றாயிற்று. ஒரு சட்டத்தின் சில வரிகள் ஒரு காட்டின் விதியை எவ்வாறு மாற்றும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரெடரிக்கின் பேரர் பிலிப் வேயர்ஹவுசர் நிறுவனத்தை நடத்திய காலத்தில், ஏறத்தாழ 1,20,000 ஏக்கர் பரப்புள்ள கிளெமன்ஸ் மரப்பண்ணை தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் மரப்பண்ணை என்னும் பெயரைத் தாங்கிய முதற்பண்ணை அதுவே. வெட்டப்பட்டும் தீயால் எரிந்தும் கிடந்த நிலத்தில், தீயைத் தடுத்து, மீண்டும் மரம் வளர்ப்பதே நோக்கம். அறமும் ஆதாயமும் இதில் கலந்தே இருந்தன. தனியார் காடுகளை அரசாங்கம் கட்டுப்படுத்தக் கூடும் என்ற அச்சமும் அக்காலத்தில் தொழிலாரிடம் இருந்தது. எக்காரணம் பற்றியேனும், பாட்டனார் முதலைச் செலவழித்தார்; பேரர் வட்டியில் வாழக் கற்றார்.

நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவர் ஜார்ஜ் வேயர்ஹவுசர். 1935-ஆம் ஆண்டு, எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, பணத்துக்காகக் கயவர் சிலர் அவரைக் கடத்திச் சென்றனர். 2 இலட்சம் டாலர் கொடுத்து மீட்டனர். குற்றவாளிகள் பிடிபட்டுத் தண்டனை பெற்றனர். பிற்காலத்தில் அவர்களுள் ஒருவர் சிறையிலிருந்து வெளிவந்தபோது அவருக்கு வேலை தந்து உதவியவர் அதே ஜார்ஜ்தான். செல்வம் கொணரும் இடரையும், மன்னிக்கும் மனத்தையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி இது. 1966-ஆம் ஆண்டு அவர் நிறுவனத்தின் தலைவரானார்.

1980-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தது. 57 பேர் மாண்டனர். அந்நிறுவனத்தின் காட்டில் மட்டும் 68,000 ஏக்கர் அழிந்தது. சாய்ந்த மரங்களை ஆட்கள் ஈராண்டுக் காலம் அள்ளி எடுத்தனர். பிறகு சாம்பலைத் தோண்டி, அடியிலிருந்த மண் தென்படும்வரை குழி பறித்து, கையாலேயே ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் நாற்றுகளை நட்டனர். அருகிலேயே 1,10,000 ஏக்கர் நிலத்தை அமெரிக்க அரசாங்கம் 1982-ஆம் ஆண்டு பாதுகாப்பிடமாக அறிவித்தது. அங்கே இயற்கை தானே மீளட்டும் என்று விட்டது.

இன்று அவ்விடம் செல்வோர் எல்லைக்கோட்டின் இருபுறமும் இருவகைக் காடுகளைக் காண்கிறார்கள். ஒருபுறம் ஒரே வயதும் ஒரே உயரமும் உடைய மரங்கள், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் நிற்கின்றன. மறுபுறம் செடியும், புதரும், குட்டையும், பட்டமரமும், பல சாதி மரங்களும், அவற்றை நாடிவரும் உயிர்களும். முதல் வகை விரைவில் பலகை தரும். இரண்டாம் வகை மெதுவாக வளரும். ஆனால் பல உயிர்களுக்கு வீடாகும். முதுகாட்டில் வாழும் புள்ளி ஆந்தை அருகிவரும் உயிராக 1990-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டபோது இந்த வேறுபாட்டை அமெரிக்க மக்கள் உணர்ந்தனர். ஐம்பது ஆண்டுப் பண்ணை ஐந்நூறு ஆண்டுக் காட்டின் வேலையை முழுதும் செய்ய இயலாது. எனவே நம் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும்: மரத்தை மீண்டும் நட்டுவிடலாம், காட்டை அவ்வாறு நட்டுவிட இயலாது. முதலில் ஒரு பகுதி எப்போதைக்குமாகச் செலவாகிவிட்டது.

1991-ஆம் ஆண்டு ஜார்ஜ் நிர்வாகத் தலைமையிலிருந்து விலகினார். 2022-ஆம் ஆண்டு மறைந்தார். 2016-ஆம் ஆண்டு பிளம் கிரீக் என்னும் நிறுவனம் இந்நிறுவனத்தோடு இணைந்தது. நார்தர்ன் பசிபிக் இருப்புப்பாதை பெற்ற இனாம் நிலங்களின் ஒரு பகுதி, கைமாறிக் கைமாறிப் பிளம் கிரீக்கிடம் வந்திருந்தது. 1864-இல் வழங்கப்பட்ட சதுரங்கக் கட்டங்களுள் இன்னும் சில அவ்வழியே இதனுடன் சேர்ந்தன. இன்று அந்நிறுவனத்திடம் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் காடு இருக்கிறது.

மாணவர்களே! பிரெடரிக்கின் உழைப்பையும், பகையை உறவாக்கிய அறிவையும் நீங்கள் போற்றலாம், போற்ற வேண்டும். அதே வேளையில், ஒரு குடும்பத்தின் ஐந்தொகையில் ஏறாத தொகைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓஜிப்வே மக்களின் நிலம், ஆற்றில் மூழ்கிய தொழிலாளியின் உயிர், மீளாத முதுகாடு ஆகியவை எந்த ஏட்டிலும் செலவு என எழுதப்படவில்லை. வரலாறு படிப்பவன் அவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்க்கக் கடமைப்பட்டவன்.

அந்தக் குடும்பம் நடத் தொடங்கியது கடலைக் கண்ட பிறகு. இனிப் போக இடமில்லை என்று தெரிந்த பின்பே வட்டியின் அருமை விளங்கிற்று. நமக்கு அந்தப் பாடம் அவ்வளவு தொலைவு நடந்து கற்கவேண்டியதில்லை. ஒரு மேசையைத் தொடும்போது, இது முதலா, வட்டியா என்று கேட்கும் பழக்கம் இன்றே உங்களுக்கு வருமாயின், இந்தப் பேச்சு பயன் பெற்றது என்று மகிழ்வேன்.